முகம் அதைத்த பிள்ளைகள்

போன மாதம் நெடுந்தீவிலிருந்து ஓர் இளம் தாதி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். தாதியாக இருந்த நான் ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை செய்த அந்தத் தீவு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனவள். இப்போது குழந்தை வைத்திய நிபுணர் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கணினித் திரையில் தீவுப் பிள்ளைகளைப் பார்க்கிறாராம். தாய்மார் பிள்ளையின் சலத்தில், அதாவது சிறுநீரில், தோய்த்த சோதனைக் கீற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்களாம்.

"அக்கா, உங்கட காலத்தில இதெல்லாம் இல்லைத்தானே. நெப்ரோட்டிக் பிள்ளையளை என்னெண்டு பாத்தனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்," என்றாள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வேலை செய்த காலமெல்லாம் நான் எழுதியது கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் மட்டும்தான். ஆனால் அவள் கேட்ட உடனே ஒரு முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்காகவே உட்கார்ந்தேன். அதற்கு முன் சில விஷயங்களைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் பிறந்தது ஊர்காவற்றுறையில். தாதியர் பயிற்சி யாழ்ப்பாணத்தில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாரையும் போலக் கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டவும், தோடம்பழத்தில் ஊசி போட்டுப் பார்க்கவும் பழகினேன். பயிற்சி முடிந்ததும் என்னைக் குழந்தைகள் வாட்டுக்குப் போட்டார்கள். அங்கேதான் டொக்டர் அருள்நேசனைக் கண்டேன்.

அவர் மிகவும் உயரமான மனிதர். ஆனால் எந்தப் பிள்ளையோடும் நின்றபடி கதைக்க மாட்டார். காலையில் அவர் வாட்டைச் சுற்றி வரும்போது பின்னால் ஒரு சின்னக் கதிரையும் வரும். ஒவ்வொரு கட்டிலருகேயும் சிற்றூழியர் அதை வைக்க, டொக்டர் முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் இருப்பார். நாலு வயதுப் பிள்ளையைக்கூட அவர் 'நீர்' என்றுதான் அழைப்பார். "நீர் இரவு வடிவா நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும் வரை தாயின் பக்கம் திரும்ப மாட்டார். கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் இறங்கும். அவர் மெல்லக் கதைக்கத் தொடங்கினால் வாட்டில் எல்லாரும் கைவேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்போம்.

நெப்ரோட்டிக் வருத்தத்தை அவர் தாய்மாருக்குச் சொல்லும் விதத்திலேயே நானும் சொல்கிறேன். சிறுநீரகம் தேத்தண்ணி வடிக்கிற வடி மாதிரி. உடம்புக்கு வேண்டிய புரதத்தை உள்ளே மறித்து வைத்துக்கொண்டு கழிவை மட்டும் வெளியே விடும். இந்த வருத்தத்தில் வடியின் கண்கள் பெரிதாகிப் புரதமும் சலத்தோடு போய்விடும். இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் இரத்தத்துக்குள் நிற்காது. சதைக்குள் இறங்கும். முதலில் கண்ணிமை வீங்கி அதைக்கும், பிறகு கால், பிறகு வயிறு.

கண்ணிமையைப் பார்க்கவும் ஒரு நேரம் உண்டு. பிள்ளை நித்திரையால் எழும்பி முகம் கழுவும் முன் பார்க்க வேண்டும். ஓடி விளையாடிய பிறகு பார்த்தால் அதைப்பு கீழே இறங்கியிருக்கும். டொக்டர் பெருவிரலைக் கணைக்காலின் எலும்பில் வைத்து மெதுவாக அழுத்தி, நிதானமாக எடுத்து, குழி விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு அந்தக் குழியைத் தாயின் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். மருந்தின் அளவை எழுதுவதற்கு முன் பிள்ளையின் உயரத்தைத் தானே அளப்பார். நாங்கள் அளந்து எழுதி வைத்திருந்தாலும் அளப்பார்.

சலத்தைக் காய்ச்சிப் பார்ப்பதுதான் எங்கள் காலத்துச் சோதனை. சோதனைக் குழாயில் முக்கால்வாசிக்குச் சலத்தை எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பாதியை மட்டும் சுவாலையில் காட்ட வேண்டும். கீழ்ப்பாதி தெளிவாக இருந்தால்தான் மேல்பாதியை அதோடு ஒப்பிடலாம். கொதித்துக் கலங்கியதும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. இரண்டொரு துளி வினாகிரி விட வேண்டும். கலங்கல் கரைந்து போனால் அது வெறும் உப்பு. கரையாமல் நின்றால் புரதம். முகில் போல நின்றால் கொஞ்சம் போகிறது. தயிர் போலத் திரைந்து கட்டிபட்டால் வருத்தம் முழுதாக வந்துவிட்டது.

இந்தச் சோதனையைத் தன் முன்னால் செய்து காட்டாத தாயை டொக்டர் வீட்டுக்கு விட மாட்டார். ஒருமுறை ஒரு தாய் குழாயைக் கையில் வாங்கவே மறுத்தாள்.

"டொக்டர், எனக்கு உதுகள் வராது. நான் படிக்கேல்லை."

"வீட்டில பால் காய்ச்சுறது ஆர்?"

"நான்தான்."

"பால் திரைஞ்சால் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப இதுவும் வரும். பிடியுங்கோ."

அவர் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்லுவார். "இந்த வருத்தம் திரும்பி வரும். திரும்பி வந்தால் நீங்கள் ஏதோ பிழை விட்டிட்டியள் எண்டு நினைக்கக் கூடாது. கனபிள்ளையளுக்கு வளர வளர விட்டுப் போகும். எப்ப எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

மருந்து பிரெட்னிசொலோன் மாத்திரை, நாங்கள் குளிசை என்போம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது நன்றாக வேலை செய்யும். சலம் தெளியும், வீக்கம் வடியும், தாய் அழுவாள். அதே குளிசைதான் பிள்ளையின் கன்னத்தை உப்ப வைக்கும், முதுகில் மயிர் முளைக்க வைக்கும், அடங்காத பசியைக் கொடுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும்.

எதிர்ப்புச் சக்தி குறைவது என்றால் என்ன என்பதை நான் வாட்டுக்கு வந்த புதிதில் கண்டேன். மண்டைதீவிலிருந்து ஒரு மீனவக் குடும்பம் தங்கள் மகனைக் கொண்டுவந்தது. நெப்ரோட்டிக் பிள்ளை, கூடிய அளவில் குளிசை எடுத்துக்கொண்டிருந்தவன். வீட்டில் தமக்கைக்குக் கொப்புளிப்பான் என்ற அம்மை வந்து மாறியிருந்தது. அவளுக்கு அது சாதாரணமாகப் போய்விட்டது. இவனுக்குப் போகவில்லை. கொண்டுவந்தபோதே கொப்புளங்களுக்குள் இரத்தம் கறுத்துக் கிடந்தது. டொக்டர் அந்தச் சின்னக் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை. அடுத்த நாள் பின்னேரம் பிள்ளை போய்விட்டான். அதற்குப் பிறகு டொக்டர் தாய்மாருக்குச் சொல்லும் வார்த்தைகளோடு இன்னொன்றும் சேர்ந்தது. "வீட்டிலயோ பள்ளிக்கூடத்திலயோ ஆருக்கும் கொப்புளிப்பான் எண்டால் அண்டைக்கே வாங்கோ. பிள்ளைக்கு வரும்வரை பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்."

பல வருடங்களின் பின் என் கணவருக்கு நெடுந்தீவுத் தபால் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தது. நானும் கேட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு தீவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாம்பவியை அங்கேதான் கண்டேன்.

தீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலுக்குப் பூசை செய்யும் ஐயரின் மகள் அவள். வயது ஆறு. தாய் சியாமளா கொக்குவிலில் பிறந்து, கலியாணம் செய்து தீவுக்கு வந்தவள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊர் முழுவதும் அவளை "ஐயரம்மா" என்றுதான் அழைக்கும். அவளுக்கு அங்கே சொந்தம் என்று கணவனும், அதே வீட்டில் இருந்த கணவனின் விதவைத் தமக்கையும்தான். அந்தத் தமக்கையைச் சியாமளா மச்சாள் என்பாள்.

கண் வீங்குகிறது, தூசு பட்டிருக்கும் என்று சொல்லித்தான் பிள்ளையைக் கொண்டுவந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியின் டொக்டர் அப்போதுதான் படித்து முடித்து வந்த ஓர் இளம் பெண். அவர் பிள்ளையின் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. சலத்தைக் காய்ச்சினோம். தயிராகத் திரைந்தது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம்.

டொக்டர் அருள்நேசனிடம் இருந்து அவர்கள் குளிசையோடும் சோதனைக் குழாயோடும் திரும்பி வந்தார்கள். சில வாரங்களில் சலம் தெளிந்தது. மருந்தைக் குறைக்கத் தொடங்கியதும் திரும்பவும் திரைந்தது. கூட்டினால் தெளியும், குறைத்தால் திரும்பி வரும். குளிசையை விட முடியாத பிள்ளைகளில் அவளும் ஒருத்தி என்று விளங்கிவிட்டது.

ஒருநாள் சியாமளா என்னிடம் வந்து, "மிஸ்ஸி, நான் பிள்ளையின்ரை சாப்பாட்டில ஒரு கல் உப்புப் போடுறேல்லை. ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. பிறகும் ஏன் கால் வீங்குது?" என்று கேட்டாள். அவளுடைய குசினிக்குப் போய்ச் சோற்றை வாயில் போட்டுப் பார்த்தேன். கரித்தது. அங்கே பல கிணறுகளைப் போல அவர்கள் கிணற்றிலும் தண்ணீர் சவர். அந்தத் தண்ணீரில்தான் சோறு வேகிறது. அன்றிலிருந்து, குடிப்பதற்கென்று பவுசர் வண்டியில் வரும் தண்ணீரில் பிள்ளைக்கு மட்டும் தனிச்சோறு காய்ச்சினாள். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு உலையா என்று முணுமுணுத்தார்.

சாம்பவிக்குக் கஷ்டம் சோற்றில் இல்லை, முகத்தில் இருந்தது. வட்டமாக உப்பிய கன்னத்தைக் கண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் பூசணி என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு மேல் அவள் ஒரு துவாயைத் தொங்கவிட்டிருந்தாள். தாய் எடுத்தால் திரும்பவும் போடுவாள். தகப்பன் அந்தத் துவாயை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஐயர் அதிகம் கதைக்காத மனிதர். கிளினிக்குக்குக் கடல் தாண்டிப் போகும் நாட்களில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார், டொக்டர் சொல்வதைக் கேட்பார், திரும்பிப் போவார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

அடுத்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுப் பலமாக இருந்த காலத்தில் அந்தக் கோயிலின் திருவிழா தொடங்கியது. கொடியேற்றத்தன்று ஐயர் கையில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும் வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கும் போகாமல் கோயில் மடத்திலேயே தங்கியிருந்து பூசை செய்தார். அந்த நேரம் பார்த்துத் தீவில் கொப்புளிப்பான் பரவியது.

ஒரு காலையில் சியாமளா பிள்ளையைப் போர்வையால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். போர்வையை விலக்கினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், நெஞ்சில் நீர் கோத்த கொப்புளங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

"மிஸ்ஸி, மச்சாளிட்டைக் கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அம்மாள் வந்திருக்கிறா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கூடாது எண்டவ. படலையில வேப்பிலை கட்டியாச்சு."

எங்கள் டொக்டர் உடனே யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். டொக்டர் அருள்நேசன் என்னோடு கதைக்க வேண்டும் என்றார். அவருடைய குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"மிஸ்ஸி, பிள்ளை கடைசியா எப்ப குளிசை எடுத்தவ? தாயைக் கேட்டுச் சொல்லும்."

கேட்டேன். சியாமளா நிலத்தைப் பார்த்தாள்.

"முந்தநாள் காய்ச்சல் தொடங்கினதில இருந்து குடுக்கேல்லை. மச்சாள் எடுத்து ஒளிச்சு வைச்சிட்டா. அம்மாள் இறங்கும் மட்டும் மருந்து கூடாதாம்."

கொப்புளிப்பானை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாதக்கணக்கில் இந்தக் குளிசை எடுக்கும் உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். காய்ச்சல் நேரத்தில் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை மயங்கிப் போகலாம். டொக்டர் சொன்னபடி அதே வகை மருந்தை உடனே ஊசியாக ஏற்றினோம். கொப்புளிப்பானுக்கு நாளத்தில் ஏற்ற வேண்டிய மருந்து எங்களிடம் இருக்கவில்லை. அன்றைக்கே பிள்ளை யாழ்ப்பாணம் போக வேண்டும். காற்றினால் பயணிகள் படகு ஓடவில்லை. எங்கள் டொக்டர் கடற்படை முகாமுக்குத் தொலைபேசி எடுத்துப் படகு கேட்டார். தருவதாகச் சொன்னார்கள்.

அப்போது சியாமளா சொன்னாள், "அவரிட்டைச் சொல்லாமல் நான் கடல் தாண்ட மாட்டன், மிஸ்ஸி. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் அந்த வீட்டில இருக்க ஏலாது."

நான் ஒரு ஓட்டோவில் கோயிலுக்குப் போனேன்.

ஐயர் மடத்து வாசலில் பூசைக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோயில் மனேச்சர், தலை நரைத்த ஒரு கமக்காரர், நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். மனேச்சர்தான் முதலில் வாய் திறந்தார்.

"மிஸ்ஸி, கோவிக்காதேங்கோ. அம்மாள் வந்த பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டு போறதோ? அதுவும் கொடியேறி நிக்கேக்கை. ஊருக்கு ஏதும் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு உண்மையாகவே பயம்.

ஐயர் கையில் இருந்த பூத்தட்டைக் கீழே வைத்தார். "நான் படிச்சது கொஞ்சம்தான்," என்றார். "ஆனா வருத்தக்காரப் பிள்ளைக்கு மருந்து குடுக்காதை எண்டு நான் ஒரு இடத்திலயும் படிக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "மூச்சு எப்பிடி விடுறா?" என்று கேட்டார்.

"இப்போதைக்குச் சுகமா விடுறா, ஐயா."

அவர் மனேச்சர் பக்கம் திரும்பினார். "எனக்கு எல்லை தாண்ட ஏலாது. தாண்டவும் மாட்டன். துறைமுகம் எல்லைக்குள்ளைதானே?"

மனேச்சர் அவருடைய கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்தார். "ஓம் ஐயா, துறை எல்லைக்குள்ளைதான். போட்டு வாங்கோ. வந்து முழுகிப்போட்டுப் பூசையைத் தொடங்கலாம். சனத்துக்கு நான் சொல்லுறன்."

ஐயர் துறைமுகத்துக்கு வந்தார். எங்கள் டொக்டர் கடற்படைக்காரர் ஒவ்வொருவரிடமும் சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வராத ஒருவர் படகில் இருந்து இறங்கிக்கொண்டார். சியாமளாவுக்கும் எனக்கும் முன்பே வந்து மாறியிருந்தது. ஐயருக்கும்தான்.

அவர் சியாமளாவின் கையில் இருந்து பிள்ளையை வாங்கினார். சாம்பவி முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, என்ரை முகத்தைப் பாக்காதேங்கோ."

"ஏன் அம்மா?"

"பூசணி மாதிரிக் கிடக்கு. இப்ப பொக்குளமும்."

"நான் உந்த முகத்தைப் பாக்கத்தான் வந்தனான்," என்றார் அவர். "திருவிழா தொடங்கினதில இருந்து எத்தினை பேரின்ரை முகத்தைப் பாத்திட்டன். இதைக் காணேல்லை எண்டு எனக்கு ஒரே யோசினை. ஒருக்காக் காட்டுங்கோ."

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போர்வையை இறக்கினாள். அவர் நன்றாகப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் கடைசிப் படிவரை இறங்கி, இடுப்பளவு அலை அடிக்க அடிக்க, பிள்ளையை, கூடப் போவதற்காகப் படகில் ஏறி நின்ற என்னிடம் தந்தார். சியாமளாவைப் பார்த்து, "நீர் பயப்பிடாதையும். வீட்டில நான் கதைக்கிறன்," என்றார். படகு புறப்பட்ட பிறகும் அவர் படியிலேயே நின்றார்.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கி அடித்தது. சியாமளா ஓங்காளித்துக்கொண்டே மகளின் காலைப் பிடித்திருந்தாள். கடற்படைக்காரர் ஒருவர் பெரியவர்களுடைய பாதுகாப்பு அங்கியைப் பிள்ளையைச் சுற்றிக் கட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் "பயம் இல்லை, பயம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவளுடைய நாடியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

நடுக்கடலில் அவள் என்னைக் கேட்டாள், "மிஸ்ஸி, நான் செத்துப் போவனோ?"

பெரியவர்களிடம் சொல்லும் பொய்யை அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாகாமல் இருக்கத்தான் அம்மா இப்பிடிப் போறம்," என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில், அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரியில் தனியறை தயாராக இருந்தது. டொக்டர் அருள்நேசன் அப்போது ஓய்வு பெறும் வயதுக்குக் கிட்ட வந்துவிட்டார். முழங்கால் நோவோடு அந்தச் சின்னக் கதிரையில் மெல்ல இருந்தார்.

"நீர் கடலால வந்தனீராம். அலை பெரிசோ?"

"ஓம். எங்கட வீட்டளவு."

"அப்ப நீர் கெட்டிக்காரி. இப்ப கையில ஒரு ஊசி குத்தப் போறன். அது அலையளவு இல்லை."

மருந்து ஏறத் தொடங்கியது. நான் லீவு போட்டுவிட்டு அந்த அறையிலேயே நின்றேன். முதலில் நிலைமை மோசமாகத்தான் போனது. கொப்புளங்கள் வாய்க்குள்ளும் வந்தன. பிறகு இருமல் தொடங்கி மூச்சு வேகமானது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலிலும் பரவியிருந்தது. ஒட்சிசன் மூடியைப் போட்டோம். எனக்கும் டொக்டருக்கும் அந்த மண்டைதீவுப் பையன் நினைவில் இருந்தான்.

ஐயர் ஒவ்வொரு நாளும் பின்னேரப் பூசை முடிந்ததும் என் தொலைபேசிக்கு எடுப்பார். மூச்சு வேகமாக இருந்த அந்த நாளும் எடுத்தார். என்ன சொல்வது என்று நான் தடுமாறியதை அவர் விளங்கிக்கொண்டார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், மிஸ்ஸி. பிள்ளை மூச்சு விடுற சத்தத்தை ஒருக்காக் கேக்கலாமோ?"

தொலைபேசியைப் பிள்ளையின் முகத்தருகே பிடித்தேன். கை வலிக்கும் வரை பிடித்தேன். பிறகு அவராகவே வைத்துவிட்டார். சியாமளா எழும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. மூச்சுச் சீரானது. கொப்புளங்கள் காய்ந்து அயறு கட்டின. ஒரு காலையில் சாம்பவி மூடியைத் தானே தள்ளிவிட்டு, பசிக்கிறது என்றாள். நானும் வாட் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சலம் மட்டும் திரைந்துதான் இருந்தது. எந்தக் காய்ச்சல் வந்தாலும் இந்த வருத்தம் திரும்பும். அதை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும்.

திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்த மறுநாள் ஐயர் முதல் படகில் வந்து சேர்ந்தார். அவரோடு மச்சாளும் வந்தார். ஒளித்து வைத்த குளிசைகளைச் சேலைத்தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதைச் சியாமளாவின் கையில் வைத்து, "எனக்குப் பயமாக் கிடந்தது, பிள்ளை," என்று மட்டும் சொன்னார். சியாமளா கட்டிலில் தள்ளி இருந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

டொக்டர் வந்தபோது ஐயர் எழும்பி நின்றார். அத்தனை கிளினிக்கிலும் வாய் திறக்காத மனிதர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"டொக்டர், என்ரை பிள்ளைக்கு ஏன் இந்த வருத்தம் வந்தது?"

டொக்டர் அவசரப்படவில்லை. கதிரையில் இருந்தபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"தெரியாது, ஐயா. உங்கட பிள்ளைக்கு மட்டுமில்லை, கனபிள்ளையளுக்கு ஏன் வருது எண்டு எங்களுக்கு இன்னும் வடிவாத் தெரியாது. நீங்கள் செய்ததாலையோ செய்யாததாலையோ வரேல்லை. அது மட்டும் தெரியும்."

ஐயர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நாளும் எல்லாரும் எனக்குக் காரணம் சொன்னவை," என்றார். "பூசையில குறை எண்டவை. சாதகம் எண்டவை. தாய் வழி எண்டவை. தெரியாது எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்."

அவர் கண் கலங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். குளிசை எப்படி வேலை செய்யும், எதனால் கன்னம் உப்புகிறது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டொக்டர் மற்றக் கட்டில்களைக் காக்க வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

சாம்பவிக்கு வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, பிரெட்னிசொலோனை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். பிறகும் வருத்தம் சில தடவை திரும்பியது. ஒவ்வொரு முறையும் சியாமளாதான் முதலில் கண்டுபிடித்தாள். மச்சாள் தனிச்சோறு காய்ச்சும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். இடைவெளிகள் நீண்டன. கன்னம் வடிந்து தாயின் சாயல் தெரிந்தது. ஒரு கட்டத்தில் எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். டொக்டர் அருள்நேசன் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

எல்லாப் பிள்ளைகளின் கதையும் இப்படி முடியவில்லை. குளிசைக்கு அசையாமல் சிறுநீரகம் கெட்டுப்போன பிள்ளைகளும் என் கையால் மருந்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஓய்வு பெற்று ஊர்காவற்றுறைக்கு வந்த பிறகும் சியாமளா இடைக்கிடை தொலைபேசி எடுப்பாள். அவள் எடுத்தால் நான் கதிரையில் இருந்துகொண்டுதான் பேசுவேன். வருத்தம் திரும்பிவிட்டதோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் எடுத்தாள்.

"மிஸ்ஸி, உங்களிட்டை ஒரு விசயம் கேக்க வேணும்."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "சொல்லும்."

"சாம்பவிக்கு மட்டக்களப்பில படிக்க இடம் கிடைச்சிருக்கு. விடுதியில நிக்க வேணும். அவர் ஓம் எண்டிட்டார், எனக்குத்தான் மனம் ஏவுதில்லை. அவ்வளவு தூரம் தனிய விடலாமோ?"

நாங்கள் நெடுநேரம் கதைத்தோம். எந்தப் பேருந்தில் போவது, விடுதியில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ, கூடப் போகும் பிள்ளைகள் யார், தாய் இல்லாமல் தலையை எப்படிப் பின்னுவாள் என்றெல்லாம் அவள் கேட்டாள். சாம்பவி இடையில் தொலைபேசியைப் பறித்து, "மிஸ்ஸி, அம்மாவுக்கு நீங்கள் சொன்னால்தான் கேக்கும், விடச் சொல்லுங்கோ," என்றாள். நான் விடச் சொன்னேன். சியாமளா அரைமனதோடு சம்மதித்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன். தண்ணீர் கொதித்து வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேரம் கதைத்தும், அவளும் நானும் வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.